இடது, வலது, மேல், கீழ்

செத்துப்போன பெண்ணின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கத்தரி உட்காரவில்லை.

"நின்னுக்கிட்டே பாக்கறேன். உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துடும்" என்றான்.

தூக்கமாவது ஒன்றாவது. நாற்காலியின் முதுகில் அவளுடைய சாம்பல் நிறச் சால்வை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இழுப்பறையின் பிடியில் அவள் முடி கட்டும் ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. ஒன்பது நாளாக யாரும் அதைத் தொடவில்லை.

மேடம் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சாவுகளைச் சரிபார்த்தவர் அவர். 'இந்த ஆள் நிஜமாகவே இப்படித்தான் செத்தாரா?' என்று கேட்பதுதான் உத்தியோகம். உத்தியோகம் ஓய்வு கொடுத்தது, கேள்வி ஓய்வு பெறவில்லை. இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். கத்தரி அவருடைய உதவியாளன். நாற்பத்து நாலு வயது. ஒரு செய்தித்தாளில் பக்கம் அமைத்தவன். செய்தியை வெட்டி வெட்டிக் கட்டத்துக்குள் அடைத்த கை, வாயும் அப்படித்தான். பத்திரிகையை மூடிவிட்டார்கள், பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

வழக்கைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. கேட்டவர்களால்தான் அதை மறக்க முடியாது.

ஒரு மருந்துக் கம்பெனி. குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. வீரியம் அதிகம், சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும். 'டப்பாவில் உள்ள சொட்டுக்குழாயால் மட்டும் கொடுக்கவும். கரண்டியால் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து' என்ற எச்சரிக்கை, பாட்டிலில் எறும்பு எழுத்தில்தான் இருந்தது. ஆனால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் நட்டநடுவில், தடித்த சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டம் காணாமல் போனது. எழுத்து அங்கேயேதான் இருந்தது, சுற்றி இருந்த கோடு மட்டும் இல்லை. கம்பெனியின் பெருமை பேசும் பத்திகளோடு எச்சரிக்கையும் ஒரு பத்தியாகக் கலந்துவிட்டது. அடுத்த ஐந்து வாரத்தில், அந்தப் பக்கத்தைப் பார்த்து மருந்து வாங்கிய இரண்டு வீடுகளில் கரண்டியால் கொடுத்தார்கள். இரண்டு குழந்தைகளும் பிழைக்கவில்லை.

பக்கத்தை வடிவமைத்துக் கொடுத்தது இந்தச் சின்ன இணைய வடிவமைப்பு அலுவலகம், செய்தவள் இந்த மேசைக்காரி. முப்பத்தோரு வயது. செய்தி வெளியான நான்காம் நாள் மதியம், இந்தக் கட்டடத்தின் படிக்கட்டு நடுவெளியில் நாலு மாடி உயரத்திலிருந்து விழுந்து கிடந்தாள். அவள் கணினித் திரையில் ஒரு கடிதம்: 'கோட்டை எடுத்தது நான்தான். இனி என்னால் தாங்க முடியாது. மன்னித்துவிடுங்கள்.'

போலீஸ் கோப்பை மூடிவிட்டது. அக்கா மூடவில்லை. வீட்டில் தையல் வேலை செய்யும் அந்த அக்கா, மேடத்தின் முன்னால் உட்கார்ந்து, விலாசத்தையும் கணவருக்கு ஃபேக்டரி வேலை என்பதையும் தவிர ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"என் தங்கச்சி கோடு போடறவ. எடுக்கறவ இல்ல."

* * *

"இங்க அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?" மேடம் கேட்டார்.

பக்கத்து மேசைக்காரன், தலையெல்லாம் சுருள்முடி, தயங்கித் தயங்கிச் சொன்னான். "கோட்டுக்காரின்னு."

"ஏன், ஏசி ரொம்பக் குளிருதா?" என்றான் கத்தரி.

"அந்தக் கோட்டு இல்ல சார். கோடு. பார்டர்." சுருள்முடி திரையைக் காட்டினான். "ஒரு பக்கத்துல இருக்கற எல்லாமே பெட்டிதான் சார். தலைப்பு ஒரு பெட்டி, படம் ஒரு பெட்டி, பட்டன் ஒரு பெட்டி. ஒவ்வொண்ணையும் சுத்திக் கோடு போடலாம். எவ்வளவு தடிமன், என்ன தினுசு, என்ன கலர். மூணே வார்த்தை எழுதினாப் போதும். நேர்கோடு, புள்ளிக்கோடு, விட்டு விட்டு வர்ற கோடு, ரெட்டைக் கோடுன்னு எத்தனையோ தினுசு இருக்கு. எங்கே எது போடணும்னு அவங்களுக்கு ஒரு கணக்கு. கண்ணு எங்கே நிக்கணுமோ அங்கேதான் கோடு நிக்கணும்பாங்க."

"எங்க பத்திரிகையில ஒரே தினுசுதான். கறுப்பு. உள்ளே இருக்கறவர் வெளியே வரமாட்டார்னு அர்த்தம்."

சுருள்முடி சிரிக்கப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டான். கத்தரிக்கே அது பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் அவன் வாய் அவனைக் கேட்காமல் ஓடும்.

"கோட்டை யார் எடுத்தாங்கன்னு பதிவு இருக்குமே?" மேடம் கேட்டார்.

"இருக்கு. யார் எதை மாத்தினாலும் பேர், தேதி, நேரத்தோட பதிவாகும்."

பதிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று நாற்பது. வீட்டிலிருந்து, அவளுடைய மடிக்கணினியில், அவளுடைய கணக்கில்.

கதவருகே நின்ற முதலாளி தொண்டையைச் செருமினார். ஒன்பது நாளில் ஒன்பது வயது கூடின முகம். "ஞாயித்துக்கிழமை வீட்லேருந்து வேலை பாக்கறது அவளுக்குப் பழக்கம்தாம்மா. போலீஸும் இதைப் பார்த்துட்டாங்க. இந்த மருந்துக் கம்பெனி வேலையே அவளுக்குத் தெரிஞ்சவங்க மூலமாத்தான் வந்துச்சு. அவளை நான் குறை சொல்லல. ஆனா பதிவு பொய் சொல்லாதே."

"பதிவு பொய் சொல்லாது. கேள்வி கேட்டாத்தான் பதில் சொல்லும்" என்றார் மேடம். "தம்பி, அன்னிக்கு எழுதினதை எனக்குக் காட்டுங்க. அர்த்தம் சொல்ல வேணாம். எழுத்தை மட்டும் பாக்கணும்."

எச்சரிக்கைப் பெட்டியின் பெயருக்குக் கீழே நாலு வரிகள் இருந்தன. பார்டர் லெஃப்ட், நன். பார்டர் ரைட், நன். பார்டர் டாப், நன். பார்டர் பாட்டம், நன். இடது பக்கம் கோடு வேண்டாம், வலது பக்கம் வேண்டாம், மேலே வேண்டாம், கீழே வேண்டாம்.

"கோட்டை எடுக்கணும்னா இப்படித்தான் எழுதணுமா?"

"இப்படியும் எழுதலாம் மேடம். ஆனா நாலு வரி தேவையே இல்ல. பார்டர் ஜீரோன்னு ஒரே வரி போதும். நாலு பக்கமும் போயிடும்."

"அவங்க எப்படி எழுதுவாங்க?"

சுருள்முடி தேடினான். நாலு வருஷத்து வேலை அது. கோடு எடுத்த இடம் இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதினோரு இடத்தில் பார்டர் ஜீரோ. மிச்சம் ஒரே ஒரு இடம், அந்த ஞாயிற்றுக்கிழமை.

மேடம் அந்த நாலு வரியை விரலால் எண்ணினார்.

"ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுதா?"

"ஆமா மேடம். பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"வேலை ஒண்ணுதான்" என்றார் மேடம். "ஆள்தான் வேற."

முதலாளி முன்னால் வந்தார். "ஏதோ அவசரத்துல மாத்தி எழுதியிருக்கலாமேம்மா?"

"அவசரத்துல மனுஷன் சுருக்குவான், நீட்ட மாட்டான். எப்பவும் ஒரு வரியில முடிக்கறவ, அவசரம்னா நாலு வரி எழுதுவாளா?"

கத்தரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷம் பக்கம் அமைத்த கண்ணுக்கு ஏதோ உறுத்தியது. "நான் ஒரு முட்டாள் கேள்வி கேக்கலாமா?"

"இவ்வளவு நேரம் கேக்காம இருந்ததே ஆச்சரியம். கேளு."

"வரிசை ஏன் இப்படி இருக்கு? இடது, வலது, மேல், கீழ். நான் கட்டம் போட்டா மேல் கோட்டுலதான் ஆரம்பிப்பேன்."

சுருள்முடியின் முகம் மாறியது. "மேல், வலது, கீழ், இடது. அதுதான் சார் எங்க வரிசை. கடிகார முள் சுத்தற மாதிரி. நாலு பக்கத்துக்கும் நாலு அளவை ஒரே வரியில எழுதினா, கம்ப்யூட்டரே அந்த வரிசையிலதான் படிக்கும். நான் சேர்ந்த முதல் நாள் அந்தச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே என்னை நிக்க வெச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. மாத்தி எழுதினா ஸ்கேலால மேசையைத் தட்டுவாங்க. தனித்தனி வரியா எழுதினாலும் இதே வரிசைதான். இதை அவங்க எழுதல மேடம்." அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "நான் ஏன் இதைப் பாக்கல?"

"ஏன்னா அவங்கதான் எழுதினாங்கன்னு எல்லாரும் உங்ககிட்ட சொல்லிட்டாங்க. சரி, நீங்க கோட்டை எடுத்தா எப்படி எழுதுவீங்க?"

அவன் தன் கோப்புகளைத் திறந்து காட்டினான். எல்லாம் ஜீரோ. முதலாளிக்கோ மெயிலில் ஒரு படம் இணைப்பதற்கே ஆள் வேண்டும். அந்த அலுவலகத்தில் இருந்தது மூன்றே பேர். மூன்று பேரும் இல்லை.

"அன்னிக்கு மதியம் நீங்க ரெண்டு பேரும் எங்கே இருந்தீங்க?"

"மருந்துக் கம்பெனியில" என்றார் முதலாளி. "ரெண்டு பேரும் மூணு மணிக்கு வரணும்னு அங்கேருந்து போன். குழந்தைங்க விஷயமா இருக்கும்னு பயந்துக்கிட்டே போனோம். ஒரு மணி நேரம் வரவேற்பறையில உக்கார வெச்சாங்க. யாருமே கூப்பிடல. திரும்பி வந்தா..." அவர் சால்வையைப் பார்த்தார்.

கிளம்பும்போது கத்தரி சுருள்முடியிடம் கேட்டான். "தம்பி, இந்த உள் சமாச்சாரத்தை நான் வெளியே இருந்து பாக்க முடியுமா? இல்ல, அதுக்கும் பாஸ்வேர்டு வேணுமா?"

"வேணாம் சார். எந்தப் பக்கமா இருந்தாலும் வலது கிளிக் பண்ணுங்க. இன்ஸ்பெக்ட்னு ஒண்ணு வரும். அழுத்தினா எந்தப் பெட்டிக்கு என்ன எழுதியிருக்குன்னு எல்லாம் தெரியும்."

"எல்லாப் பக்கத்துக்கும் வயித்துல ஒரு ஜன்னல். மனுஷனுக்கு இப்படி இருந்தா நம்ம ஆபீஸை மூடிடலாம் மேடம்."

* * *

படிக்கட்டின் கைப்பிடிச் சுவர் கத்தரியின் இடுப்புக்குத்தான் வந்தது. எட்டிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். கீழே தரையைக் கழுவியிருந்தார்கள். கழுவின இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

வாசல் காவலாளிக்கு அந்த மதியம் நன்றாக ஞாபகம் இருந்தது. "மூணே காலுக்கு ஒரே ஒரு ஆள்தான் மேலே போனார். பெரிய அட்டை டப்பா தூக்கிக்கிட்டு. கூரியர்னு நினைச்சேன்."

"முகம்?" மேடம் கேட்டார்.

"டப்பாதான் தெரிஞ்சுது."

"டப்பாவுக்கு மீசை இருந்துச்சா?" என்றான் கத்தரி.

காவலாளி முறைத்தார். "பத்து நிமிஷத்துல சத்தம் கேட்டுச்சு. நான் அந்தப் பொண்ணுகிட்ட ஓடிட்டேன். கூட்டம் கூடிடுச்சு. யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு எவன் பார்த்தான்? டப்பா மட்டும் நாலாவது மாடித் திருப்பத்துல கிடந்துச்சு. யாரும் கேட்டு வரல. நான்தான் எடுத்து வெச்சிருக்கேன்."

அவருடைய ஸ்டூலுக்குக் கீழே இருந்தது அது. புத்தம் புது டப்பா. முகவரி இல்லை, எழுத்து இல்லை. வாயை நாடாவால் சுத்தமாக ஒட்டியிருந்தது. கத்தரி தூக்கிக் குலுக்கினான். பிரித்தான். உள்ளே ஒன்றுமே இல்லை.

"காலி டப்பாவை ஒட்டி, நாலு மாடி தூக்கிக்கிட்டு ஏறுவானா ஒருத்தன்?"

"உள்ளே வெக்க ஒண்ணும் இல்ல. பின்னால வெக்கத்தான் இருந்துச்சு" என்றார் மேடம். "அவன் முகம்."

வண்டியில் ஏறியதும் மேடம் யாருக்கோ போன் செய்தார். ரொம்ப நேரம் கேட்டார், கொஞ்சம்தான் பேசினார். போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு போடத் தெரிஞ்சவன். ஆனா இந்த ஆபீஸ்காரன் இல்ல. அவ லேப்டாப் கைக்கு எட்டற தூரத்துல இருந்தவன். இடது, வலது, மேல், கீழ்னு எழுதறவன். கத்தரி, மூளை கத்துக்கிட்டது வேற, கை பழகினது வேற. அந்தக் கைக்கு வேற ஏதோ ஒரு வேலை ரொம்ப வருஷமாப் பழக்கம்."

"எந்த வேலை மேடம்?"

"தெரிஞ்சா வண்டியை நேரா அங்கேதானே விடச் சொல்லியிருப்பேன். இப்ப அக்கா வீட்டுக்குப் போ. தங்கச்சி வேற யாருக்குச் சொல்லிக்கொடுத்தான்னு கேக்கலாம்."

* * *

தையல்காரியின் வீட்டில் ஜன்னல் ஓரமாகத் தையல் இயந்திரம் இருந்தது. ஊசியில் பாதி தைத்த பாவாடை அப்படியே நின்றது. உள்ளறையில் பத்து மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் அவள் கணவர், கூடவே தங்கியிருந்த மச்சினியின் துணிமணிகளையும் புத்தகங்களையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மென்மையான குரல் அவருக்கு.

"வாங்க மேடம். வாங்க சார். தண்ணி குடிக்கறீங்களா? இதையெல்லாம் கண்ணுல படாம எடுத்து வெச்சாத்தான் இவ தேறுவா. அதான் இன்னிக்கு லீவு போட்டேன்."

மேடத்தின் போன் அடித்தது. "மருந்துக் கம்பெனி வரவேற்பறைப் பொண்ணுதான்" என்று கத்தரியிடம் முணுமுணுத்துவிட்டு வாசலுக்குப் போனார். கத்தரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். மேசையில் ஒரு பழைய கணினி.

"சார், இதைப் பாருங்க." தையல்காரி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது இமை தடித்திருந்தது. ஆனாலும் குரலில் சின்னதாக ஒரு பெருமை. "தங்கச்சிக்காக ஒரு பக்கம் பண்ணியிருக்கார். எல்லாரும் ரெண்டு வார்த்தை எழுதலாம். ரெண்டு நாள் ஒரே ஆளா உக்காந்து பண்ணினார்."

நடுவில் அவள் படம். சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. 'எங்கள் வீட்டின் வெளிச்சம்' என்று ஒரு வரி.

"நல்லாப் பண்ணியிருக்கார். இதெல்லாம் அவருக்கு எப்படி?"

"தங்கச்சிதான் கத்துக்கொடுத்தா. இதே மேசையில, ஆறு மாசம். அவர் ஆபீசுல பேக்கிங் பக்கத்திலேருந்து வெப்சைட் பக்கம் மாத்தினாங்க, ஒண்ணுமே தெரியாதேன்னு தவிச்சார். 'நான் இருக்கேன் மாமா'ன்னு இவதான் உக்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்தா."

கத்தரியின் வாயில் ஒரு கேலி வந்தது, விழுங்கிவிட்டான். படத்தின் மேல் சுட்டியை வைத்து வலது கிளிக் செய்தான். இன்ஸ்பெக்ட். பக்கத்தின் வயிறு திறந்தது.

பார்டர் லெஃப்ட், நன். பார்டர் ரைட், நன். பார்டர் டாப், நன். பார்டர் பாட்டம், நன்.

அவனுக்குப் பின்னால் நாடா கிழியும் சத்தம் கேட்டது. திரும்பினான். அவர் ஒரு புதுப் பெட்டியை விரித்து அடிப்பக்கத்தை மூடிக்கொண்டிருந்தார். இடது மடிப்பு உள்ளே. வலது மடிப்பு உள்ளே. அப்புறம் மேல் மடிப்பு. அப்புறம் கீழ் மடிப்பு. நாடா. ஒரு பெட்டிக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்வார் போலிருந்தது.

"கை என்ன வேகம் பாத்தீங்களா?" என்றாள் தையல்காரி. "பத்து வருஷம் டப்பா மடிச்ச கை."

கத்தரி சுட்டியிலிருந்து கையை எடுத்தான். "ஃபேக்டரி வேலைன்னு சொன்னீங்க. எந்த ஃபேக்டரின்னு சொல்லவே இல்லியேம்மா."

"மருந்துக் கம்பெனிதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர்தான் அதைச் சொல்ல வேணாம்னார். கம்பெனிக்குக் கெட்ட பேர் வரும், வேலைக்கு ஆபத்துன்னு."

மேடம் உள்ளே வந்தார். கத்தரி திரையை அவர் பக்கமாகத் திருப்பினான். மேடம் நாலு வரியைப் படித்தார். தரையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு தையல்காரியின் கணவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் தெரியணும். அந்த ஞாயித்துக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு இந்த வீட்ல யார் இருந்தாங்க?"

பதில் தையல்காரியிடமிருந்து வந்தது. "ஞாயித்துக்கிழமைன்னா நானும் தங்கச்சியும் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு பூங்காவுக்குப் போயிடுவோம். ஒரு மணிக்குத்தான் வருவோம். லேப்டாப்பை மேசையில திறந்தபடியே போட்டுட்டு வருவா. அவர் மட்டும் வீட்ல..."

நிறுத்தினாள்.

அவர் நாடாவைக் கீழே வைத்தார். பதற்றம் இல்லை. "மேடம் என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியுது. என் எழுத்தும் அவ எழுத்தும் ஒண்ணாத்தானே இருக்கும்? சொல்லிக்கொடுத்தவளே அவதானே."

"ஒண்ணாத்தான் இருக்கணும். இல்லையே. அவ கடிகாரத்தைப் பார்த்து எழுதினா. நீங்க டப்பாவை நினைச்சு எழுதறீங்க."

"நாலு வரியை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போவீங்களா?"

"மாட்டேன். உங்க வரவேற்பறைப் பொண்ணுகிட்ட பேசினேன். அன்னிக்கு அந்த ரெண்டு பேரையும் மூணு மணிக்கு வரச் சொல்லி போன் பண்ணச் சொன்னது நீங்க. ஆனா மூணு மணிக்கு நீங்க அங்கே இல்ல."

"சொன்னேன். வேற வேலையில மறந்துட்டேன். மறதி குத்தமா?"

"நாலாவது மாடிக்கு ஒரு காலி டப்பா போயிருக்கு."

"ஊர்ல எத்தனையோ டப்பா."

ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் வக்கீல் மாதிரி முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறார் என்று கத்தரிக்குப் பட்டது. மேடத்துக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த இடத்தில் எத்தனை கோப்புகள் கைநழுவியிருக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். நாலு வரி, ஒரு போன், ஒரு காலி டப்பா. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு நல்ல வக்கீல் அரை மணியில் ஊதித் தள்ளிவிடுவார்.

"ஏங்க."

தையல்காரி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கணவரைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சே."

"இப்ப எதுக்கு அது?"

"நான் அலமாரியில இருந்த மருந்தை எடுத்தேன். உங்க கம்பெனி மருந்து. நீங்க ஓடி வந்து கையிலேருந்து பிடுங்கி, கழுவற தொட்டியில கொட்டினீங்க. தேதி முடிஞ்சுபோச்சுன்னீங்க. அப்பவே கடைக்குப் போய் வேற கம்பெனி மருந்து வாங்கிட்டு வந்தீங்க."

அவர் கீழே வைத்த நாடாவை மறுபடி எடுத்தார்.

"அந்த பாட்டிலை வாங்கினது நான். வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. தேதி எப்படி முடியும்? அப்ப நான் யோசிக்கல. குழந்தை மேல எவ்வளவு கவனம்னு நினைச்சேன். தங்கச்சிகிட்டகூடப் பெருமையாச் சொன்னேன்." குரல் உயரவே இல்லை. "என் கையில கரண்டி இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தீங்க. கோடு இல்லேன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். நம்ம குழந்தைன்னதும் ஓடி வந்தீங்க. அந்த ரெண்டு குழந்தைக்கும்..."

அவர் உட்கார இடம் தேடுவதுபோல் பின்னால் கையைத் துழாவினார். காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அது அவரோடு சேர்ந்து அமுங்கியது. எழுந்திருக்க அவர் முயலவில்லை.

"சிவப்புக் கட்டத்தைப் பார்த்தா வாங்க வர்றவங்க பயந்து போயிடறாங்கன்னு மேலே சொன்னாங்க" என்றார். "அவகிட்ட மூணு தடவை கேட்டேன். முடியாதுன்னா. ஒரு கோடுதானே, எழுத்து அப்படியேதானே இருக்கு, படிக்கறவங்க படிச்சுக்கட்டும்னு நினைச்சேன்."

"மேலே யாரு?" மேடம் கேட்டார்.

இரண்டு பேரைச் சொன்னார். மேடம் குறித்துக்கொண்டார்.

"அவளுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"செய்தி வந்த அன்னிக்கே. வரிசையைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா. 'மாமா, இது உங்க கை'ன்னு போன் பண்ணினா. யார்கிட்டயும் சொல்லல. மூணு நாள் டைம் கொடுத்தா. 'நீங்களே போய்ச் சொல்லிடுங்க, அக்காவுக்காகக் கேக்கறேன்'னு அழுதா." அவர் கைகள் மடியில் எதையோ மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தன. "அன்னிக்கு நான் பேசத்தான் போனேன் மேடம். சத்தியமா."

"பேசப் போறவர் முகத்தை எதுக்கு மறைக்கணும்? ஆபீஸை எதுக்குக் காலி பண்ணணும்?"

அவர் கைகள் மடிப்பதை நிறுத்தின.

"கடிதம்?"

"அப்புறமா எழுதினேன். உள்ளே போய்."

அப்புறமா. அவள் கீழே கிடக்கும்போது, காவலாளி கத்திக்கொண்டு ஓடும்போது, இந்த மனிதர் அலுவலகத்துக்குள் போய், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பெயரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கத்தரி போய் வாசல் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். அவர் ஓடுவார் என்று தோன்றவில்லை. ஆனால் எங்கேயாவது நிற்க வேண்டும்போல் இருந்தது.

தையல்காரி தையல் இயந்திரத்தின் மேல் இருந்த போனை எடுத்தாள். மேடம் கையை நீட்டினார். "நான் பேசறேம்மா."

"வேணாம் மேடம். போலீஸ்ல கோப்பை மூடிட்டோம்னு என்கிட்டதானே சொன்னாங்க. திறக்கவும் நானே சொல்றேன்."

எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் இருந்திருக்க வேண்டும், இன்ஸ்பெக்டரின் அலுத்த குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அவள் தங்கையின் வழக்கு என்றாள். தற்கொலை இல்லை, கொலை என்றாள். செய்தவர் என் வீட்டில்தான் இருக்கிறார், ஒப்புக்கொண்டுவிட்டார், சாட்சிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்றாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். காகிதம் புரளும் சத்தம்.

"எழுதிக்கறேன், சொல்லுங்கம்மா. அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு?"

அமுங்கிய பெட்டியில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். அன்று முதல் முறையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"என் தங்கச்சியைக் கொன்னவர்."

"அது உறவு இல்லியேம்மா. உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறேன்."

"இனிமே அதுதான்" என்றாள் அவள். போனை மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு உள்ளறைக்குள் போனாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டாள்.